காப்பும் தடையும்: சிறாருக்கான சமூக ஊடகத் தடைச் சட்டம் குறித்த ஓர் ஆய்வு – தஞ்சைக் காவிரிப்படுகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சிறார் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுக்கலாமா என்னும் வினா, ஆஸ்திரேலியச் சட்டத்திற்குப் பின் இந்தியாவிலும் வலுப்பெற்றுள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019, 2025 ஆகிய ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகள் தமிழகத்தில் இவ்வினாவிற்கு அடித்தளமாக அமைந்தன. இக்கட்டுரை அவ்வாணைகளின் பின்னணியை விளக்குகிறது. பின்னர், இளமைப் பருவம் குறித்துத் தொல்காப்பியம், பாட்டியல், பிள்ளைத்தமிழ், உலா ஆகியவை வழங்கும் கருத்தாக்கங்களையும் காவிரிப்படுகைக் குடும்பங்களின் கைப்பேசிப் புழக்கத்தையும் இணைத்து நோக்குகிறது. கணக்கு வைத்திருப்பவரின் வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் தடை, ஒரு கைப்பேசியைப் பலர் பகிரும் வீட்டில் பயனற்றுப் போகும் என்பதையும், ஊடக நிறுவனம் பயனரைக் கண்காணித்து உள்ளடக்கம் ஊட்டும் முறையின்மீதே சட்டத்தின் கட்டுப்பாடு அமையவேண்டும் என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிறார், சமூக ஊடகம், காப்பு, பருவம், பாட்டியல், உலா, காவிரிப்படுகை, பெற்றோர் ஒப்புதல்.

1. முன்னுரை

16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றியது. அத்தடை 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதனையொத்த சட்டம் ஒன்றை இயற்றுவது குறித்து ஒன்றிய அரசு ஆராயலாம் எனக் கருத்துரைத்தது. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் ஆட்சி எல்லைக்குள் அடங்குவது; திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியன சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் அடங்குவன. நீதி எல்லை இவ்வாறு பிரிந்திருப்பினும், படுகை முழுமைக்கும் இவ்வினா பொதுவானது.

சட்டத்துறையினரும் உளவியலாரும் ஆராயும் இப்பொருளில் தமிழாய்வுக்கு என்ன இடம் என்ற ஐயம் எழலாம். 'சிறார் யார்', 'காத்தல் யாது', 'காக்கும் கடமை யாருடையது' என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாமல் இத்தகைய சட்டத்தின் ஒரு தொடரையும் எழுதவியலாது. இம்மூன்றும் சொல்லையும் மரபையும் வாழ்வையும் சார்ந்த வினாக்கள். அவற்றிற்குத் தமிழ் மரபு அளிக்கும் விடைகளை இன்றைய சட்டத்தோடு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய இலக்கணத்தில் இன்றைய சட்டத்திற்கு முன்மாதிரி உண்டு என்று காட்டுவது இதன் நோக்கமன்று.

2. மதுரைக் கிளையின் இரு ஆணைகள்

தமிழகத்தில் இவ்விவாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததன்று. 2019 பிப்ரவரியில் தமிழகச் சட்டப்பேரவையில் நாகப்பட்டினம் தொகுதி உறுப்பினர் மு. தமிமுன் அன்சாரி டிக்டாக் செயலியைத் தடைசெய்யக் கோரினார். ஒன்றிய அரசிடம் இதனை வலியுறுத்துவதாக அப்போதைய தகவல் தொழில்நுட்பவியல் அமைச்சர் மணிகண்டன் விடையளித்தார். தமிழகச் சட்டப்பேரவையில் இக்கோரிக்கை காவிரிப்படுகையின் உறுப்பினர் ஒருவரால் எழுப்பப்பட்டது என்பது கருதத்தக்கது.

அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று, பொதுநல வழக்கு ஒன்றில், நீதியரசர்கள் ந. கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் ஆகியோர் அடங்கிய மதுரைக் கிளை அமர்வு அச்செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. சிறாரின் இணையவழித் தனியுரிமையைக் காக்க அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற சட்டம் இந்தியாவில் இயற்றப்படுமா என்றும் அமர்வு வினவியது. கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் அச்செயலியைத் தம் தளங்களிலிருந்து நீக்கின. ஏப்ரல் 24 அன்று நிபந்தனைகளுடன் அத்தடை விலக்கப்பட்டது.

இதன் பிற்பகுதி ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு நாட்டின் இறையாண்மையைக் காரணம் காட்டி டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது; செப்டம்பரில் யூடியூப் 'ஷார்ட்ஸ்' வசதியை இந்தியாவில் தொடங்கியது. செயலி மறைந்தது, ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும் குறுங்காணொலி என்னும் வடிவம் சில வாரங்களுக்குள் வேறு பெயரில் அதே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பெயரைத் தடுக்கும் சட்டம் வடிவத்தைத் தடுப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

2025 டிசம்பர் ஆணை, சிறாருக்கு ஆபாச உள்ளடக்கம் எளிதில் கிடைப்பது குறித்து 2018இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் எழுந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியை வழங்கவேண்டும் என்பது மனுவின் வேண்டுகோள்களுள் ஒன்று. நீதியரசர்கள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. இராமகிருஷ்ணன் ஆகியோர் அடங்கிய அமர்வு, ஆஸ்திரேலியாவில் உள்ளதைப் போன்ற சட்டம் குறித்து அரசு ஆராயலாம் என்றும், அதுவரை விழிப்புணர்வுப் பணிகளை விரைவுபடுத்தவேண்டும் என்றும் கூறியது. முன்னதாக 2025 ஏப்ரலில், 13 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை கோரிய மனுவை, அது சட்டமியற்றுவோரின் கொள்கை முடிவுக்கு உரியது எனக் கூறி உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்திருந்தது. ஆகவே, சட்டத்தின் வடிவம் இன்னும் முடிவாகாத நிலையிலேயே நாம் நிற்கிறோம். வடிவம் குறித்துப் பேசவேண்டிய காலமும் இதுவே.

3. தடையை வலியுறுத்தும் வாதத்தின் வலிமை

தடை கோருவோரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. குடும்பத்தின் பொறுப்பில் விட்டால் போதும் என்ற வாதம் தமிழ்ச் சமூகத்தில் முன்னரும் எழுந்து தோற்றதுண்டு. குழந்தைத் திருமணத்தில் காப்பவரே கேடு செய்பவராக இருந்தனர். 1929இல் இயற்றப்பட்ட சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என எல்லை வகுத்தபோது, அது குடும்ப உரிமையில் தலையிடுவது என எதிர்ப்பு எழுந்தது. இன்று பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்னும் எல்லையை அவ்வாறு எதிர்ப்பவர் அரியர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் காவிரிப்படுகையிலிருந்தே தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. மரபின் பெயரால் நடந்த தீங்கைச் சட்டமே நிறுத்தவேண்டியிருந்தது.

எனினும் அச்சட்டங்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்கவேண்டும். சாரதா சட்டம் குழந்தையை மணந்த வயதுவந்த ஆணையும், மணத்தை நடத்தி வைத்தவரையும், பெற்றோரையும் தண்டித்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வேலைக்கு அமர்த்தியவரைத் தண்டிக்கிறது. இவ்விரண்டிலும் வயதெல்லை குழந்தையின் பெயரில் வரையப்பட்டாலும், சட்டத்தின் சுமை குழந்தையால் பயனடைபவர்மீதே விழுகிறது. ஆஸ்திரேலியச் சட்டமும் இவ்வகையைச் சார்ந்ததே. அது சிறாரையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. உரிய நடவடிக்கை எடுக்காத நிறுவனத்திற்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டம் விதிக்கிறது. 'தடை' என்று நாம் பெயரிட்டு விவாதிக்கும் சட்டம், உள்ளமைப்பில் நிறுவனத்தின் கடமையை வகுக்கும் சட்டமாக இருப்பதை விவாதங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அச்சட்டத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. கணக்கின் உரிமையாளர் யார் என்பதை மட்டுமே அது கேட்கிறது. 16 வயது நிறைந்த மறுநாள், அதே ஊடகம் அதே வேகத்துடன் அச்சிறுவனிடம் வந்து சேர்கிறது. இடைப்பட்ட படிகள் எவையும் இல்லை. படிகள் என்ற கருத்தையே தமிழ் மரபு விரிவாகப் பேசுகிறது.

4. பருவமும் வயதும்: தமிழ் மரபின் பகுப்பு

தொல்காப்பிய மரபியல் ஒன்பது இளமைப் பெயர்களைத் தொகுத்து, அவை எவ்வெவ் உயிருக்கு உரியன என வகுக்கிறது. மக்களுக்கு உரியனவாக அது கொள்பவை குழவி, மகவு என்னும் இரண்டே. 'பிள்ளை' என்பது பறப்பனவற்றிற்கும் ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் வழங்கிய பெயர். தென்னம்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்னும் இன்றைய வழக்குகள் அதன் எச்சங்கள். காலப்போக்கில் அச்சொல் மனிதக் குழந்தைக்கு உரியதாயிற்று. 'பிள்ளைத்தமிழ்' என்று ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. இளமையைக் குறிக்கும் சொல்லின் எல்லை காலந்தோறும் நகர்வது என்பதற்கு இது சான்று. சட்டம் வகுக்கும் 'குழந்தை' என்னும் சொல்லும் அவ்வாறே நகர்வது.

வயதை எண்ணால் குறிக்கும் முயற்சி பாட்டியல் நூல்களில் காணப்படுகிறது. உலாவில் இடம்பெறும் பெண்டிர் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவத்தினர். பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12 முதல் 13 எனப் பொதுவாக வயது கூறப்படும். நூலுக்கு நூல் இவ்வெண்கள் வேறுபடுவதுண்டு. பன்னிரு பாட்டியல் ஆடவர்க்கும் எல்லை வகுக்கிறது. பாலனுக்கு 7, மீளிக்கு 10, மறவோனுக்கு 14, திறலோனுக்கு 15, காளைக்கு 16 என அது செல்கிறது. ஆஸ்திரேலியச் சட்டத்தின் 16 இங்கும் தென்படுவது தற்செயலானது; அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. நாம் கொள்ளத்தக்கது எண்ணையன்று, பகுப்பு முறையை. 16 வயதிற்குள்ளாகவே ஐந்து எல்லைகளை அந்நூல் காண்கிறது.

இந்தியச் சட்டமும் உண்மையில் இவ்வாறு படிநிலை கொண்டதே. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை பேசுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்திற்குப் பின் 14க்கு உட்பட்டோரையும் 14 முதல் 18 வரையிலான வளரிளம் பருவத்தினரையும் வேறுபடுத்துகிறது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் கொடுங்குற்றங்களில் 16 முதல் 18 வரையினரைத் தனியே நோக்குகிறது. போக்சோ சட்டத்திற்கு 18 வரை அனைவரும் குழந்தைகளே. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18ஐயே கொள்கிறது. செயலின் தன்மைக்கேற்ப எல்லை மாறுவதே சட்டத்தின் இயல்பாக இருக்க, சமூக ஊடகத்திற்கு மட்டும் ஒற்றைக் கோடு போதும் எனக் கருதுவது பொருந்தாது. 6 வயதுக் குழந்தையும் 15 வயது மாணவியும் ஒரே கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.

பிள்ளைத்தமிழ் இப்படிநிலையை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ்களுள் பழமையானது சோழர் அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ். அவ்வகையின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. அதில் குழந்தை ஒன்றும் செய்வதில்லை. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்கள் வேண்டப்படுகின்றன. செங்கீரை, தால், சப்பாணி எனக் குழந்தையின் இயக்கம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. அம்புலிப் பருவத்தில் தொலைவில் உள்ள நிலவு குழந்தையுடன் விளையாட அழைக்கப்படுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றில் குழந்தை தெருவிற்கு வந்துவிடுகிறது. சிற்றில் பருவத்தில் சிறுமியர், தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என அவனிடம் இரக்கின்றனர். பிறர்க்குத் தீங்கு செய்யும் ஆற்றல் குழந்தைக்கு வந்துவிட்டதை மரபு அறிந்திருக்கிறது. ஆயினும் அது குழந்தையைத் தெருவிலிருந்து விலக்கவில்லை. காப்பு தொடக்கத்தில் முழுமையாக இருந்து, குழந்தையின் ஆற்றல் வளர வளரப் பின்வாங்குகிறது.

5. உலாவும் ஊடகமும்: பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

ஒட்டக்கூத்தரே விக்கிரமசோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகியோர்மீது மூவருலாவையும் பாடினார். இளமையின் படிகளைப் பேசும் இவ்விரு இலக்கிய வகைகளிலும் சோழநாட்டு அவைக்களப் புலவர் ஒருவரின் படைப்புகள் முன்னிற்பது இவ்வாய்வுக்குப் பொருத்தமானது.

உலாவின் கட்டமைப்பு இவ்வினாவிற்குப் பெரிதும் பயன்படுகிறது. தெருவில் செல்லும் ஊர்வலம் ஒன்றே. அதனைக் காண்போர் எழுவகைப் பருவத்தினர். பேதை கண்டும் பொருள் அறியாள். விளையாட்டிலேயே அவள் நெஞ்சம் நிற்கும். பெதும்பைக்கு அறிதல் அரும்பும். மங்கை முதலாக மயக்கம் மிகும். கண்ணுக்குப் படுவது ஒன்றாயினும் நெஞ்சில் பதிவது பருவத்திற்கேற்ப வேறாகும் என்பதே உலாவின் அடிப்படை. உலா ஆடவர் நோக்கில் அமைந்தது. சிறுமியரையும் காதற்பொருளாக்கும் வரிசையில் வைப்பது. இக்குறையை மறைத்து அதனைப் போற்றுவது ஆய்வு நேர்மையன்று. எனினும் காட்சியின் விளைவைக் காண்பவரின் பருவத்தோடு இணைத்து நோக்கும் அதன் முறை, இன்றைய விவாதத்தில் குறைபடுகின்ற ஒன்று.

உலாவிற்கும் சமூக ஊடகத்திற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. உலாவின் தலைவன் தெருவில் நிற்பவள் பேதையா மங்கையா எனப் பார்த்துத் தன் ஊர்வலத்தை மாற்றிக்கொள்வதில்லை. சமூக ஊடகத்தின் பரிந்துரைமுறை மாற்றிக்கொள்கிறது. எந்தக் காணொலியில் விரல் நின்றது, எதனை எத்தனை நொடி பார்த்தது, எந்நேரத்தில் மீண்டும் வந்தது என ஒவ்வொன்றையும் கணக்கிட்டு அடுத்த காட்சியைத் தேர்ந்து ஊட்டுகிறது. இங்கே காட்சியே காண்பவரைப் பார்க்கிறது. திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின்மீது முன்னர் எழுந்த அச்சங்களோடு இதனை ஒன்றாகக் கருத இயலாமைக்குக் காரணம் இதுவே. ஆகவே சட்டம் முதற்கண் தடுக்கவேண்டியது, ஊடகம் குழந்தையைப் பார்ப்பதை. குழந்தை ஊடகத்தைப் பார்ப்பது அதற்கு அடுத்த வினாவே.

இந்நோக்கு இந்தியச் சட்டத்திற்குப் புதியதன்று. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சிறாரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சிறாரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் விலக்குகிறது. மீறலுக்கு 200 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முதன்மையான கடமைகள் 18 மாத கால இடைவெளிக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். சட்டம் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. ஆனால் பயனர் குழந்தை என்பது நிறுவனத்திற்குத் தெரிந்தால்தான் அது பயன்படும். காவிரிப்படுகையின் வீடுகளில் அது தெரியுமா என்பதே அடுத்த வினா.

6. காவிரிப்படுகைக் குடும்பமும் பகிர்ந்த கைப்பேசியும்

ஊரக இந்தியாவின் கல்விநிலையை ஆராயும் அசர் அறிக்கை, 2024இல் 14 முதல் 16 வயதினரின் எண்ணிமப் பயன்பாட்டையும் பதிவு செய்தது. அவர்களுள் 82 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் திறன்பேசியைப் பயன்படுத்த அறிந்தவர். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் கல்வி சார்ந்த செயலுக்குப் பயன்படுத்தியோர் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தியோர் 76 விழுக்காட்டினர். பயன்படுத்த அறிந்தோருள் சொந்தக் கைப்பேசி உடையோர் ஆண்பிள்ளைகளில் 36.2 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 26.9 விழுக்காடு மட்டுமே. பெரும்பான்மைப் பிள்ளைகள் சமூக ஊடகத்தைக் காண்பது பிறருடைய கைப்பேசியில் என்பது இவ்வெண்களால் பெறப்படும்.

படுகையின் வாழ்க்கைமுறை இந்நிலையைத் தெளிவாக்குகிறது. நடவுக்கோ நூறுநாள் வேலைக்கோ செல்லும் தாயின் கைப்பேசி, மாலையில் பிள்ளையின் கைக்கு வருகிறது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப் குழுக்களின் வழியே பாடம் வந்தது. பல வீடுகளில் திறன்பேசி நுழைந்ததே அக்காரணத்தால். இன்றும் வீட்டுப்பாடம் அவ்வழியே வருகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் பள்ளி விடுமுறையைப் பிள்ளைகள் அறிவதும் அவ்வழியே. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லை விற்க இணையவழிப் பதிவு புகுத்தப்பட்டபின், எழுத்தறிவு குறைந்த உழவருக்குப் பதிவு செய்து தருவோர் வீட்டுப் பிள்ளைகளே. அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களில் வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் பணிபுரியும் தந்தையர் பலர். அவ்வீடுகளில் பிள்ளை தந்தையின் முகத்தைக் காண்பது காணொலி அழைப்பில்தான்.

இந்நிலையிலிருந்து சட்டத்திற்கு மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, கணக்கின் வயது குறித்தது. தாயின் பெயரில் உள்ள கணக்கில் 10 வயதுக் குழந்தை காணொலி பார்க்கும்போது, நிறுவனத்தின் பதிவில் பார்ப்பவர் 35 வயதுப் பெண். 16 வயதுத் தடை அக்குழந்தையைத் தீண்டாது. 9ஆம் பிரிவின் காப்பும் அதனை எட்டாது. குழந்தையின் விருப்பங்கள் தாயின் பெயரில் கண்காணிக்கப்படும்.

இரண்டாவது, பெற்றோர் ஒப்புதல் குறித்தது. ஒப்புதல் என்பது பெற்றோர் அறிந்து தருவது என்ற கருத்தின்மேல் சட்டம் நிற்கிறது. தந்தையின் நெல் பதிவையும் தாயின் வங்கிக் குறுஞ்செய்தியையும் படித்துச் சொல்லும் பிள்ளையே, தனக்குரிய ஒப்புதல் பொத்தானையும் அழுத்தும். கையெழுத்து பெற்றோருடையதாகவும் அறிவு பிள்ளையுடையதாகவும் அமையும் ஒப்புதல் காப்பாகாது.

மூன்றாவது, சொற்பொருள் வரையறை குறித்தது. ஆஸ்திரேலியா வாட்ஸ்அப் போன்ற செய்திப் பரிமாற்றச் செயலிகளைத் தடையிலிருந்து விலக்கியது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளோ, பயனர்கள் தமக்குள் தொடர்புகொண்டு தகவலைப் பகிரும் இடைநிலைத் தளங்களைப் பொதுவாகச் 'சமூக ஊடக இடையீட்டாளர்' எனச் சுட்டுகின்றன. வாட்ஸ்அப்பும் அதனுள் அடங்கும். ஆஸ்திரேலியத் தடையை இந்திய வரையறையோடு பொருத்தினால், வகுப்புக் குழுவும் வெளிநாட்டுத் தந்தையின் அழைப்பும் முதலில் அறுபடும்.

இவற்றோடு பாலின வேறுபாட்டையும் கருதவேண்டும். சொந்தக் கைப்பேசி உடைய பெண்பிள்ளைகள் இப்போதே குறைவு. 'சட்டமே வேண்டாமென்கிறது' என்ற சொல் வீட்டிற்குள் வரும்போது, கைப்பேசி முதலில் பறிக்கப்படுவது யாரிடமிருந்து என்பதை ஊகிப்பது அரிதன்று. 2019இல் கேரள உயர்நீதிமன்றம் இணையத்தை அணுகும் உரிமையைக் கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் இணைத்துக் கூறிய வழக்கு, மகளிர் விடுதியில் கைப்பேசிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டிலிருந்து எழுந்தது என்பது நினைக்கத்தக்கது.

7. சட்டம் கொள்ளத்தக்க வடிவம்

மேற்கண்டவற்றால் சட்டமே வேண்டா என்பது பெறப்படாது. சட்டம் எதனை, எவ்வாறு தடுக்கவேண்டும் என்பதே தெளிவுபெறுகிறது.

தடு என்னும் வினையிலிருந்து தடையும், கா என்னும் வினையிலிருந்து காப்பும் பிறந்தன. தடுத்தலில் செயப்படுபொருள் குழந்தை. குழந்தையின் இயக்கம் நிறுத்தப்படுகிறது. காத்தலிலும் செயப்படுபொருள் குழந்தையே. ஆயினும் காப்பவர் தொடர்ந்து செயலாற்ற வேண்டியவராகிறார். தடை ஒருமுறை இடப்பட்டதும் இட்டவரின் கடமை முடிந்துவிடும்; காப்பவரின் கடமை முடிவதில்லை. கல்லணையின் அருகில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பகுக்கப்படுகிறது. மதகுகளை வரத்துக்கேற்ப ஏற்றி இறக்க ஆள் வேண்டும். முறைப்பாசனம் ஓயாத பொறுப்பைக் கோருவது.

இந்நோக்கில் நான்கு கூறுகளை முன்வைக்கலாம்.

முதலாவது, தொடக்க அமைப்பை மாற்றுதல். கண்காணித்துப் பரிந்துரைக்கும் முறையும் தானே தொடர்ந்து ஓடும் காணொலியும் எல்லாக் கணக்குகளிலும் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றை விரும்பும் வயதுவந்தோர் தம் வயதை உறுதிசெய்து குறித்த காலத்திற்கு மட்டும் திறந்துகொள்ளலாம். இதனால் மெய்ப்பிக்கும் சுமை குழந்தையிடமிருந்து வயதுவந்தோர்க்கு மாறுகிறது; தாயின் கணக்கில் பார்க்கும் குழந்தையையும் காப்பு எட்டுகிறது. தாயே அதனைத் திறந்துவைத்தால் காப்பு நீங்கும் என்பதும், வயதுவந்தோரின் தனியுரிமைக்கு இதனால் ஓரளவு இழப்பு நேரும் என்பதும் உண்மை. அவ்விழப்பைக் குறைக்க, அடையாள ஆவணத்தை நிறுவனத்திடம் ஒப்படைக்காமல் வயதை மட்டும் உறுதிசெய்யும் முறையைச் சட்டமே வகுக்கவேண்டும்.

இரண்டாவது, செயலியின் பெயரைக் கொள்ளாமல் வசதியின் தன்மையைக் கொண்டு வகுத்தல். அறிந்தவரோடு செய்தி பகிர்தல், அறியாதவர் சிறாரைத் தொடர்புகொள்ளுதல், பரிந்துரைக் காணொலி, பொதுவில் தன் படத்தை வெளியிடுதல் ஆகியன வெவ்வேறு தீங்கும் பயனும் உடையன. முதலாவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஏனையவற்றிற்கு வெவ்வேறு எல்லை வேண்டும்.

மூன்றாவது, படிநிலை. 13 வயதுக்கு உட்பட்டோர் தமக்கெனப் பொதுக்கணக்கு வைத்திருப்பதை முழுமையாகத் தடுக்கலாம். நிறுவனங்களின் விதிகளிலேயே உள்ள எல்லைதான் அது, கடைப்பிடிக்கப்படாமல் உள்ளது. 13 முதல் 16 வரை அறிந்தோர் வட்டத்திற்குள் மட்டும் இயங்கும் கணக்கும், 16 முதல் 18 வரை கண்காணிப்பும் விளம்பரக் குறியும் அற்ற கணக்கும் அமையலாம். நேர எல்லைக்குத் தமிழகத்திலேயே முன்மாதிரி உண்டு. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025இல் தமிழக ஆணையம் வகுத்த விதிமுறைகள் 18 வயதுக்கு உட்பட்டோரை விலக்கி, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்நுழைவையும் நிறுத்தின. அவற்றைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. நிறுவனத்தின்மீது நேரக் கட்டுப்பாடு விதிக்கச் சட்டத்தால் இயலும் என்பது இதனால் தெளிவு.

நான்காவது, சிறாரின் குரல். இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தம்மைப் பற்றிய பொருள்களில் கருத்துரைக்கும் உரிமையைச் சிறாருக்கு வழங்குகிறது. இச்சட்டம் குறித்த கலந்தாய்வு ஊரகப் பள்ளிகளில் தமிழில் நடைபெறவேண்டும். வரைவுச் சட்டத்தை 15 வயது மாணவர் படித்துப் பொருள்கொள்ளத்தக்க தமிழில் ஆக்கித் தருவது தமிழ்த்துறைகள் ஏற்கத்தக்க பணி.

8. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளாகப் பின்வருவனவற்றைத் தொகுத்துரைக்கலாம்.

1. 2019, 2020ஆம் ஆண்டுகளின் டிக்டாக் தடைகள், செயலியின் பெயரைத் தடுப்பதால் அதன் வடிவம் நீங்குவதில்லை என்பதைக் காட்டின.

2. குழந்தைகளைக் காத்த முந்தைய சட்டங்கள், குழந்தையால் பயனடைந்தவர்மீது சுமையை ஏற்றியதாலேயே பயனளித்தன. ஆஸ்திரேலியச் சட்டத்தில் நாம் கொள்ளத்தக்க கூறும் அதுவே.

3. பாட்டியலும் பிள்ளைத்தமிழும் இளமையைப் படிகளாகக் காண்கின்றன. இந்தியச் சட்டங்களின் பொதுப்போக்கும் அவ்வாறானதே. ஒற்றை வயதுக்கோடு இரண்டிற்கும் அயலானது.

4. காட்சியின் விளைவு காண்பவரின் பருவத்தைப் பொறுத்தது என்பது உலாவின் அடிப்படை. காண்பவரைக் கண்காணித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் காட்சி இன்றைய புதுமை. சட்டத்தின் முதல் இலக்கு அதுவாக இருத்தல் வேண்டும்.

5. ஒரே கைப்பேசியைப் பகிரும் காவிரிப்படுகை வீடுகளில், கணக்கின் வயதையும் பெற்றோர் ஒப்புதலையும் மட்டும் நம்பும் சட்டம் காக்கவேண்டிய குழந்தையை எட்டாது. தொடக்க அமைப்பையே காப்பாக்கும் சட்டம் அதனை எட்டும்.

வரைவு ஒன்று நாடாளுமன்றத்தின் முன் வரும்போது, அதில் பயனர் என்னும் சொல்லுக்குத் தரப்படும் பொருளைத் தமிழகம் முதலில் ஆராயவேண்டும். கணக்கின் உரிமையாளரையே அச்சொல் சுட்டுமாயின், தாயின் கைப்பேசியை ஏந்தி நிற்கும் குழந்தைக்கு அச்சட்டத்தில் இடமிராது.